கல்நெஞ்சக்காரி தேவை

"அழுதா மனசு இளகிப் போற ஆளு எனக்கு வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் கமலா.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த செவ்வந்தி அப்படியே நின்றாள். வீட்டுச் சாமான்களைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, வேண்டாததைக் கழித்துக்கட்டித் தருவது அவள் தொழில். கம்மாபுரத்துக்காரி. நெய்வேலி டவுன்ஷிப்பில் ரிட்டையராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களில் பாதிப் பேர் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பொறுமை உண்டா, நேரத்துக்கு வருவாயா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கல்நெஞ்சு உண்டா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

கமலாவின் கணவர் கோபாலகிருஷ்ணனுக்கு இந்த மாதக் கடைசியில் ரிட்டையர்மென்ட். மைன்ஸில் வேலை கிடைத்துக் கோவில்பட்டியிலிருந்து வந்த குடும்பம். குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட 'நம்ம வீடா இது' என்று யோசிக்கிற ஊராயிற்றே இது. அதனால் ஆசைப்பட்டு வாங்கிய எதையும் பிரிக்கவில்லை. 'சொந்த வீடு கட்டும்போது ஆகும்' என்று வாஷ்பேசின், கதவுக் கைப்பிடி, சுவர்க் கடிகாரம், டின்னர் செட் எல்லாம் ஒரு ரூம் முழுக்கக் கூரை வரைக்கும் ஏறி நின்றன. கடைசியில் சொந்த வீடு என்று அமைந்தது கடலூரில் ஒரு சின்ன ஃப்ளாட். அதில் குழாய், கைப்பிடி எல்லாம் கட்டிக் கொடுத்தவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அது போகட்டும். கோபாலகிருஷ்ணனுக்கு இழுப்பு. இந்தத் தூசி மூட்டைகளோடு புது வீட்டுக்குப் போனால் மனுஷர் தாங்கமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போதே அவர் படுக்கை வராந்தாவில்தான். இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவரு வேணும். சாமான் வேண்டாம்" என்றாள் கமலா. குரல் கொஞ்சம் உடைந்து, உடனே கெட்டியானது.

செவ்வந்திக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பெண், உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கரண்டிகூட வெளியே போகாது மேடம் என்று பெருமையாகச் சொன்னாள். காபி கொடுத்து வழியனுப்பிவிட்டாள் கமலா. அடுத்து வந்த இளவழகன் நல்ல பையன்தான். இது ஆசையாக வாங்கியது என்று கமலா ஒரு வார்த்தை சொன்னதும், அப்படியென்றால் இருக்கட்டும்மா என்று பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். அவனுக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை.

"பக்கத்து பிளாக் சந்திரா வீட்டை நீதான் ஒழுங்கு பண்ணியாமே. அவ வீட்ல என்னென்ன இருந்துச்சு?" என்று ஆழம் பார்த்தாள் கமலா.

"சந்திராம்மா வூட்ல ரெண்டு ரூமு இருந்துச்சிங்க" என்றாள் செவ்வந்தி.

கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் கெட்டி, ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போகாது. ஒரு விஷயத்தில் தேறிவிட்டாள். அடுத்து, அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டுப் பழைய பேப்பர் சுற்றிய பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்தாள்.

"இதைத் தொட்டதுமே கதை ஆரம்பிக்கும். சொந்த வீட்டு வாசலுக்குன்னு வாங்கினது, இதை மட்டும் விட்டுடுன்னு கெஞ்சுவாங்க. நீ என்ன செய்வே?"

"வாங்கி எத்தினி வருசம் ஆவுதுங்க?"

"எங்க வளர்மதி பொறக்கறதுக்கு முன்னாடி."

"அவங்க இப்ப?"

"அவளுக்கே காலேஜ் போற பொண்ணு இருக்கு."

"அப்பறம் என்னாங்கம்மா, ஐயாவுக்கு முன்னாடியே கொழாய் ரிட்டையர் ஆயிடுச்சி. இன்னும் எதுக்கு அத வேலைக்கு வெச்சிக்கினு?"

கமலா குழாயை முந்தானையால் ஒரு தரம் துடைத்து, மறுபடி பேப்பர் சுற்றி வைத்தாள்.

"ரெண்டு தடவை எடுத்து வெளியில வெச்சாச்சு. விடியறதுக்குள்ள எல்லாம் உள்ள வந்துடுச்சு. சாப்பிட மாட்டேன்னு பிடிவாதம் பிடிப்பாங்க. பொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. நீ கொஞ்சம் தயங்கினாலும் போச்சு."

செவ்வந்தி வராந்தாவை எட்டிப் பார்த்தாள். இந்த இழுப்போடு இத்தனை பெட்டிகளையும் மறுபடி உள்ளே தூக்கி வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் ஆச்சரியப்பட்டாள். கோபாலகிருஷ்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தயங்க மாட்டேங்க. மைன்ஸுக்கு நெலம் போனப்ப எங்க வூட்டையே நான்தான் காலி பண்ணேன். அழுதுகினேதான் பண்ணேன். ஆனா கை நிக்கல" என்றாள்.

கமலா அவளையே பார்த்தாள். பிறகு, நாளைக்கே வந்துவிடு என்றாள்.

மறுநாள் காலை குட்டியானை வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் செவ்வந்தி வந்துவிட்டாள். ஐயாவை மட்டும் எங்கேயாவது அனுப்பிவிட்டால் தேவலை, தூசியும் ஆகாது, சாமான் போவதைப் பார்த்தால் மனசும் தாங்காது என்று தயவாகச் சொன்னாள்.

"அவரு வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்துக்குவாரு. உங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருவாரு" என்ற கமலா, ரூம் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு செவ்வந்தியின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

வாசலில் தயாராக இருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் நெல்லிக்குப்பத்துல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பஸ் ஏறினதுமே உனக்கு போன் பண்ணி அழுவேன். எடுத்துடாதம்மா."