சென்சார் பாடம்

"பிரேக் பெடலை மிதிச்சா மெத்துனு உள்ள போகுது. என்ன காரணமுங்க?"

"பிரேக் ஆயில் லைன்ல காத்து ஏறியிருக்குமுங்க." அவன் யோசிக்கவே இல்லை. "காத்தை எடுத்துட்டாச் சரியாப் போயிரும்."

சரியான விடை. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

கிளட்ச். கார்புரேட்டர். டைனமோ. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. சொல்லும்போது அவன் விரல்கள் காற்றில் எதையோ திருகின. நகக்கண்ணில் இப்போது கிரீஸ் இல்லை.

நாளை அவளுக்குப் பரீட்சை. கார் டெக்னீஷியன் சான்றிதழுக்கு. அது கையில் இருந்தால் வேலை தருகிறோம் என்று மெயின் ரோட்டு சர்வீஸ் சென்டரில் சொல்லியிருக்கிறார்கள்.

பல்லடத்தில் அவன் வைத்திருந்த பட்டறையில் அவளும் வேலை பார்த்தாள். முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு தானே ஆயில் மாற்றினாள், பிரேக் ஷூ மாற்றினாள்.

பட்டறை இப்போது பூட்டிக் கிடக்கிறது.

ஒரு வேனுக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸை இறக்கும்போது அது நழுவி அவன் நெற்றியில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவனுக்கு அம்மாவைத் தெரிந்தது. படித்த பள்ளிக்கூடம் தெரிந்தது. தொழில் பழகிய இடம் தெரிந்தது.

மனைவி கோகிலமணியைத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தியது எல்லாம் இருந்தது. பிந்தியது எதுவும் இல்லை.

கல்யாண ஃபோட்டோவைக் காட்டினார்கள். நெடுநேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியலீங்க."

அன்று முழுக்க அழுதான். சோறு இறங்கவில்லை. அந்த நாட்களில் அவன் மனதில் எதுவும் தங்காது. சீக்கிரமே ஃபோட்டோ பார்த்ததையும் மறந்துவிட்டான். இனி வற்புறுத்த வேண்டாம் என்றார் டாக்டர்.

அம்மா வீட்டுக்குப் போகணும் என்றான். கூட்டிப் போனார்கள்.

மதியம் தவறாமல் அவள் அங்கே வருகிறாள். பரீட்சைக்குப் படிக்க வருகிற பெண் என்று அவனுடைய அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அத்தைக்கு வேறு வழி தெரியவில்லை.

அவளை "அம்மிணி" என்று கூப்பிட்டவன் இப்போது, "வாங்க, உக்காருங்க" என்கிறான்.

புத்தகத்தின் கடைசிப் பாடம் சென்சார்.

அது அவனுக்குத் தெரியாது. புது வண்டிகளில் வருகிற கம்ப்யூட்டரையும் சென்சாரையும் பற்றி, கல்யாணத்துக்குப் பிறகுதான் கோயம்புத்தூர் போய்ப் பயிற்சி எடுத்தான். பஸ்ஸில் திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் ஒப்பிப்பான். அவளுக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.

ஆனாலும் தினமும் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பாள்.

"இதெல்லாம் புதுசா இருக்குதுங்களே" என்பான்.

அவளே விடையைப் படித்துக் காட்டுவாள். புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்புவாள்.

இன்றும் கேட்டாள்.

"சைலன்சர் பைப்புல ஆக்சிஜன் சென்சார் எதுக்குங்க வெக்கறாங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"புகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு பாக்கறதுக்கு. அதை வெச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், கொறைக்கும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை கதவோரம் வந்து நின்றாள்.

"இது..." கோகிலமணி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "இது எப்பப் படிச்சதுங்க, மாமா?"

பழையபடி மாமா என்று கூப்பிட்டுவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

"நேத்து நீங்கதானுங்களே படிச்சுக் காட்டுனீங்க" என்றான். பாடத்தை மறக்கவில்லை என்கிற பெருமை அவன் முகத்தில் இருந்தது.

அத்தை உள்ளே போய்விட்டாள்.

அவள் ஒரு பக்கம் புரட்டினாள். எழுத்து தெரியவில்லை. இன்னொரு பக்கம் புரட்டினாள்.

மறுநாள் பரீட்சை நன்றாகவே எழுதினாள். செய்முறையில், ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் ஒன்றைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டார்கள். கண்டுபிடித்தாள்.

"யாருகிட்டம்மா தொழில் கத்துக்கிட்டீங்க?" என்றார் பரீட்சை நடத்த வந்தவர்.

"எங்க வீட்டுக்காரருகிட்டங்க."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

ரிசல்ட் வந்த அன்றும் வழக்கம்போல மதியம்தான் போனாள்.

"பாஸாயிட்டனுங்க."

அவன் எழுந்தே நின்றுவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. அடிபட்ட பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அவன் கண் அவள் கழுத்துத் தாலிக்குப் போனது.

"உங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லிட்டனுங்க."

"சந்தோசப்பட்டிருப்பாரே."

"ரொம்பங்க."

தலையாட்டினான். உட்கார்ந்தான்.

"அப்ப, இனி நீங்க இங்க வரமாட்டீங்க."

காபி கொண்டுவந்த அத்தை, டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"இன்னொரு பரீட்சை இருக்குதுங்க" என்றாள் கோகிலமணி. "வேலைக்குப் போனாலும் ஞாயித்துக்கெழமைல வந்துருவேன். அதுக்கும் நீங்கதான் சொல்லித் தரோணும்."

அவன் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டான்.

"என்ன பாடமுங்க?"

அன்று அவள் கையில் புத்தகம் எதுவும் இல்லை.