மூலைக் கம்ப்யூட்டர்

மூன்றாவது முறையும் அவள் திரையில் சிவப்புக் குறி விழுந்தது.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்குள் ரத்த வங்கிக்குப் புதிய மென்பொருள் போய்ச் சேர வேண்டும். அத்தை கொடுத்த வாக்கு அது. இருபத்திரண்டு வருடங்களில் அந்தக் குடும்பம் ஒரு தடவைகூடச் சொன்ன நேரம் தவறியதில்லை. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையைவிட, நேரம் தவறாதவர்கள் என்ற பெயர்தான் அவர்களுக்குப் பெரிது.

"சிவப்பு உனக்குப் பிடிச்ச கலர்னு முன்னாடியே சொல்லியிருந்தா, சுவத்துக்கும் அதையே அடிச்சிருப்போமே," என்றான் அத்தை மகன்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அத்தை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

குடும்பத்தின் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். நிரல் எல்லோரிடமும் இருந்தது. யார் வேண்டுமானாலும் வரி சேர்க்கலாம். ஆனால் அந்த நிரலைத் தொகுத்து ரத்த வங்கிக்கு அனுப்பும் பில்ட் மட்டும் மூலையிலிருந்த அத்தையின் கம்ப்யூட்டரில்தான் உருவாகும். மற்றவர்களின் லேப்டாப்பில் நிரல்மொழி ஆளுக்கொரு வெர்ஷன். ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். அத்தையுடையது தவறியதே இல்லை. அதை வேறு யாரும் தொட்டதும் இல்லை.

இரண்டு வருடமாக அவள் வேறொரு வழியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இணையத்தில் எங்கோ ஒரு வெற்றுக் கம்ப்யூட்டர். கூப்பிட்டதும் அது விழித்து, நிரல்மொழியை நிறுவி, அதற்கு வேண்டிய துணை நிரல்களான லைப்ரரிகளை இறக்கி, பில்ட் செய்து, சோதித்து, இடத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடும். எல்லாம் தானாகவே. என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும்.

"அடுத்த வீட்டு அடுப்புல நம்ம சமையலா?" என்பதுதான் இரண்டு வருடமும் அத்தையின் பதில்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை திடீரென்று, "இந்தத் தடவை உன் வழியிலேயே அனுப்பு" என்றார். நிரல்மொழியில் எந்த வெர்ஷன் என்று கேட்டதற்கு, "மூணு புள்ளி பத்து" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. விட்டுப் பிடிக்கிறார். எல்லோர் முன்னாலும் மூக்குடைபடட்டும் என்று நினைக்கிறார்.

"அக்கா, நேரம் ஆகுது. உங்க கம்ப்யூட்டர்லயே போட்டுடுங்களேன். பத்து நிமிஷ வேலை," என்றார் அவளுடைய அப்பா. அத்தைக்குத் தம்பி.

"அவ பண்ணுவா."

அது குத்தலாகத்தான் அவள் காதில் விழுந்தது. பண்ணிக் காட்டுகிறேன் என்று திரையை நெருங்கினாள்.

முதல் சிவப்பு கோப்பில் ஓர் இடைவெளி குறைந்ததால். அது அவள் கவனக்குறைவு. அடுத்த இரண்டிலும் ஒரே புகார்: கேட்ட வெர்ஷன் கிடைக்கவில்லை. ஊர் உலகமெல்லாம் வைத்திருப்பது, இங்கே மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும்? கோப்பைத் திறந்து பார்த்தாள். 3.10 என்றுதான் எழுதியிருந்தாள்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் தோளுக்கு மேலே குனிந்து சிவப்புப் புகாரைப் படித்தார். "மூணு புள்ளி ஒண்ணு இல்லைங்குதேம்மா."

"பத்துப்பா."

"எனக்குப் பார்வைதான் மங்கல். எழுத்தறிவு போகலை. ஒண்ணுதான் போட்டிருக்கு, நல்லாப் பாரு."

பார்த்தாள். ஒன்றுதான். இல்லாத பூஜ்ஜியத்தை அவள் கண்ணே சேர்த்துப் படித்திருக்கிறது.

அவள் எழுதியது வெர்ஷனின் பெயர். இயந்திரம் அதைக் கணக்கு எண்ணாக எடுத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் கடைசியில் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டது. என்றைக்கோ வழக்கொழிந்த 3.1ஐத் தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

அது எண்ணல்ல, பெயர் என்று இயந்திரத்துக்குத் தெரிய இருபுறமும் மேற்கோள் குறி போட்டாள். இரண்டே தட்டல்.

அனுப்பினாள்.

நிரல்மொழி இறங்கியது. பச்சை.

லைப்ரரிகள். பச்சை.

அத்தை மகன் கேலியை மறந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். சோதனைகள் ஓடத் தொடங்கின. நூறு. இருநூறு. அப்பா வாய்விட்டு எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை!

மூன்று நாற்பத்தெட்டுக்கு ரத்த வங்கியிலிருந்து பதில் வந்தது: கிடைத்தது, நன்றி.

அப்பா மேசையில் ஓங்கித் தட்டியதில் தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. அவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றும்போதுதான் கவனித்தாள், அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

"அப்போ மூலை மகாராணிக்கு ஓய்வு குடுத்துடலாம். ஜெயிச்சவ நீ, நீயே போய் அணைச்சிட்டு வா," என்றான் அத்தை மகன்.

அத்தையின் கை பாதி உயர்ந்து நின்றது. அதற்குள் அவள் மூலைக்கு ஓடியிருந்தாள்.

திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான். கண் கூசுகிறது என்று அத்தை சொல்லியிருந்தார்.

மேசைக்கு அடியில் குனிந்து பொத்தானைத் தேடினாள். விளக்கு எரியவில்லை. பெட்டியின் பக்க மூடி திருகில்லாமல் கையோடு வந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. அங்கே நான்காக மடித்த ஒரு சீட்டு. ரிப்பேர் கடையின் சீட்டு.

'டிஸ்க் போய்விட்டது. எதையும் மீட்க முடியாது.'

தேதி, போன வாரம் திங்கட்கிழமை.

தேதியை இன்னொரு முறை படித்தாள். பிறகு சீட்டை மடிப்புக் கலையாமல் இருந்த இடத்தில் வைத்து, மூடியைப் பொருத்திவிட்டு எழுந்தாள்.

அத்தை மறுபடியும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அணைச்சிட்டேன், அத்தை," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.