காலி இணைப்பு

தையல் கூடத்துப் பெண்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு குட்டிக் கணினியைச் செய்து கொண்டுவந்திருந்தான் நிரஞ்சன். யார் எவ்வளவு நேரம் தைக்கிறார்கள் என்று அது முதலாளிக்குச் சொல்லும்.

“கம்மியா கரண்ட் எடுக்கிற புராசசரா தேடிப் புடிச்சேன். நடுநடுவுல அது தூங்கிக்கும். அதனாலதான் பேட்டரி நாள் முழுக்கத் தாங்குது” என்றான்.

“தூங்குதுங்களா? அதுக்கு மெமோ கிடையாதுங்களா சார்?” என்றாள் தெய்வானை. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், கருவியின் ஓரத்தில் இருந்த சிறு துளையைத் தொட்டாள். “இது எதுக்குங்க?”

“எக்ஸ்பான்ஷன் பஸ்னு சொல்வாங்க, கூடுதல் கருவி மாட்டற வாய். பின்னாடி எது வேணும்னாலும் இதுல சொருகிக்கலாம்.”

“எதுன்னா?”

நிரஞ்சன் தயங்கினான். “பாத்ரூம்ல எவ்வளவு நேரம் இருக்கீங்கன்னு பார்க்க ஒண்ணு. ஓனர் கேட்டிருக்கார்.”

“நாங்க ஒண்ணுக்குப் போறத எங்க கையே காட்டிக் குடுக்கணுமாக்கும்!” என்றாள் தெய்வானை.

அவள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து அந்தத் துளையின்மேல் அழுத்தி ஒட்டினாள். “இப்பக் கட்டுங்க” என்று கையை நீட்டினாள்.

அவன் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான். பின்னால் நின்ற பெண்களின் விரல்கள் ஒவ்வொன்றாக நெற்றிப் பொட்டுக்குப் போயின.