துண்டில் முடிந்த கிழங்கு

உண்ணாவிரதப் பந்தலுக்குப் பின்னால் நின்று கிழங்கு தின்று அகப்பட்டான் என் அண்ணன் கைலாசநாதன்.

ஐம்பத்து நாலாம் வருடம். எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையில் பந்தல் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து மாலை வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். மத்தியானம் அண்ணன் மெல்ல எழுந்து போய், துண்டில் முடிந்து வைத்திருந்த அவித்த மரச்சீனிக் கிழங்கை எடுத்துக் கடித்தான். கமிட்டிக்காரர் பொன்னுதாஸ் பார்த்துவிட்டார்.

"எலே கைலாசம், உனக்குத் தாலுகா வேணுமா, கிழங்கு வேணுமா?"

பந்தலே சிரித்தது.

பசித்தால் கால் நிற்காது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். பசித்தால் யாருக்குத்தான் கால் நிற்கும் என்று கேட்டார்கள். ஆள் வேறு வாட்டசாட்டமாக இருப்பான். யார் நம்புவார்கள்?

வீட்டில் எங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது தின்றாக வேண்டும். ஒரு சிவராத்திரிக்குப் பட்டினி கிடந்து, மறுநாள் நடக்க முடியாமல் விழுந்தான். மூத்திரம் பால் விடாத கட்டன் காப்பி நிறத்தில் போனது. வைத்தியருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவன் எங்கே கிளம்பினாலும் அம்மா கிழங்கு கட்டிக் கொடுப்பாள்.

ஊருக்கு அது பெரிய கேலியாகிவிட்டது. எனக்கு அப்போது பதினேழு வயது. குளத்துக்குப் போனால் ஜெயபாயும் அவள் கூட்டாளிகளும், "கிழங்குத் தியாகியோட தங்கச்சி வாறா, வழி விடுங்க" என்பார்கள். குடத்தை நிறைக்காமலே ஓடி வந்துவிடுவேன். அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன்.

மறு மாதம் இன்னொரு உண்ணாவிரதம். முதல் நாள் இரவே சாப்பாட்டை விட்டுவிட வேண்டும். காலையில் எங்கள் குளத்தூரிலிருந்து பாறசாலைப் பந்தல் வரை ஊர்வலமாக நடக்க வேண்டும். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

போகாதே என்று அம்மா அழுதாள்.

"நான் போகலேன்னா இவளையாக்கும் சொல்லுவாங்க" என்று என்னைக் காட்டினான். "வழியில யாரும் பாக்காம ரெண்டு கடி கடிச்சுக்கிடுவேன். நீ பயப்படாத."

அம்மா கிழங்கை வாழையிலையில் பொதிந்து துண்டில் முடிந்து கொடுத்தாள்.

சாயங்காலம் அவனை மாட்டு வண்டியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். கை கால் அசையவில்லை. மூத்திரம் மறுபடி கறுத்துப் போனது.

"கட்டித் தந்தேனே மக்கா, தின்னலியா?" என்றாள் அம்மா.

அவன் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தான்.

"வழியில எங்கயோ விழுந்து போச்சும்மா."

நாலாம் நாள் இறந்தான். பொன்னுதாஸ் மாலை போட்டு, தாலுகாவுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று கண்ணீரோடு பேசினார். குளத்தில் ஜெயபாய் என் குடத்தை வாங்கி, அவளே தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து மாநில எல்லைக் கோடு போட்டபோது எங்கள் தாலுகா கேரளத்தின் பக்கமே நின்றுவிட்டது.

போன வருடம் என் மகள் ஸ்ரீகுமாரி சஷ்டி விரதம் இருந்துவிட்டு, கோயில் படியில் கால் மடங்கி விழுந்தாள். திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல சோதனைகள் செய்த பிறகு டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள் என்று தெரிந்து, எனக்குப் புரியும்படி சொன்னார்.

"தின்ன சோறு தீர்ந்தா, உடம்பு சேத்து வச்ச கொழுப்பைத்தான் தசை எரிக்கணும். அந்தக் கொழுப்பை அடுப்புவரைக்கும் எடுத்துக் கொடுக்க ஒரு ஆளு உண்டு. கார்னிடைன்னு பேரு. உங்க மகளுக்கு அது போதாது. முற்றம் நெறைய விறகு கிடக்கு, அடுப்பு அணைஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

மருந்து உண்டு என்றார். பட்டினி மட்டும் கூடவே கூடாதாம். கையில் எப்போதும் தின்ன ஏதாவது இருக்க வேண்டுமாம்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

"கஷ்டம். அவருக்கு ஒரு வாய் கொடுக்க வீட்டுல யாருக்கும் தோணலியா?"



அன்று காலை அண்ணன் முகம் கழுவப் போன நேரத்தில், அம்மா கட்டித் தந்த அந்த முடிச்சை அவிழ்த்து, கிழங்கை எடுத்துவிட்டு, அதே கனத்தில் ஒரு விறகுத் துண்டை இலையில் பொதிந்து கட்டி வைத்தவள் நான்.