சௌந்திரம் வளர்த்த நாய்

“ஏம்புள்ள ரஞ்சனி, புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா உங்கத்தை மல்லசமுத்திரம் கறிக்கடையில நிக்குது!”

பக்கத்து வீட்டு வசந்தாமணி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது.

ரஞ்சனியால் நம்ப முடியவில்லை. மாமியார் சௌந்திரம் புரட்டாசி பிறந்தால் முட்டை விற்கிறவனைக்கூடத் தெருவுக்குள் விடமாட்டாள். எதிர்வீட்டில் கருவாடு வறுத்தால், ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு போய் அவர்கள் வாசலிலேயே நட்டுவிட்டு வருவாள்.

“வேற யாராச்சும் இருக்கும்ங்க.”

“எங்கண்ணால பாத்தேன் புள்ள. தலையில முக்காடு வேற. கையில ஒரு பொட்டலம். யாருக்குங்கக்கான்னு கேட்டா, நாயிக்குன்னு சொல்லுது. உங்கூட்டுல ஏது நாயி?”

“நீங்க அங்க எதுக்குப் போனீங்க?”

வசந்தாமணி மதிலிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“எங்கூட்டுக்காரருக்கு ரத்தம் கம்மின்னு டாக்டரு ஈரல் திங்கச் சொன்னாரு. மருந்துதான அது? கவுச்சில சேராது.”

ரஞ்சனிக்குச் சுருக்கென்றது. நாளைக்கு அவள் கைக்குழந்தை இனியாவோடு பிளேன் ஏறவேண்டும். புருசன் சபரிநாதன் ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறான். குழந்தையின் காதுகுத்துக்கு ஊருக்கு வரும்போதே, பிளேன் ஏசிக் காற்றில் கன்னம் காய்ந்து வெடித்து ரத்தம் கசிந்துவிட்டது. கிரீம் தடவினால் எரிச்சலில் இன்னும் கத்தியது. முன் சீட்டுக்காரர், பிள்ளையைக் கிள்ளுகிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பின்வீட்டு இசபெல்லாதான் வழி சொன்னாள். “ஆட்டுக் கொழுப்பை உருக்கி வடிகட்டி ஆறவெச்சா வெண்ணெயாட்டம் வரும். பிளேன்ல ஏறதுக்கு முந்தியே பூசிடு. எங்க ஜெர்லினுக்கு நான் அதுதான் பூசுவேன்.”

ரஞ்சனி அப்போதே மாமியாரிடம் கேட்டுப் பார்த்திருந்தாள்.

“புரட்டாசில கொழுப்பா? ஐப்பசி பொறக்கட்டும், பாக்கலாம்.”

“பிளேன் ஐப்பசி வரைக்கும் நிக்காதுங்கத்தை.”

“அப்பத் தேங்காயெண்ணெயைத் தடவு. கவுச்சி எம்பட ஊட்டுப்படி ஏறப்படாது.”

பேத்தி கன்னத்துக்கு ஆகாதது இவங்க நாக்குக்கு மட்டும் ஆகுமாக்கும்!

பொழுது சாயத்தான் சௌந்திரம் வந்தாள். கை வெறுங்கை.

“பொட்டலம் எங்கீங்கத்தை?”

“எந்தப் பொட்டலம்?”

“நாயிக்கு வாங்கினது.”

“நாயி தின்னுருச்சு.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள் வேறு. ரஞ்சனி பெட்டியை டமால் டமாலென்று மூடினாள்.

மறுநாள் கார் கிளம்பும்போது, சௌந்திரம் ஜன்னல் வழியாக ஒரு டப்பாவை உள்ளே நீட்டினாள்.

“திருநீறு. புள்ள அழுதா நெத்தியில மட்டும் இல்ல, கன்னத்துலயும் பூசு.”

கறி தின்ற கையால் திருநீறு! முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிப் பைக்குள் போட்டாள் ரஞ்சனி.

தேங்காயெண்ணெய் பாட்டில் பெரிதாக இருக்கிறதென்று ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். பிளேன் மேலே போய்க் கொஞ்ச நேரம்தான். இனியாவின் கன்னம் சிவந்து இழுக்க ஆரம்பித்தது. வீல் என்று ஒரு கத்தல். பக்கத்து சீட்டு அம்மா காதில் வயரை மாட்டிக்கொண்டார்.

ரஞ்சனி பையைக் கிளறினாள். கையில் அகப்பட்டது அந்த டப்பாதான். சாமியே கதியென்று திறந்தாள்.

திருநீறு இல்லை. வெள்ளை வெளேரென்று, வெண்ணெய்போல் உறைந்து கிடந்தது. மோந்து பார்த்தாள். முதலில் பன்னீர் வாசம். அதற்குப் பின்னால், ஒளிந்துகொண்டிருந்த மாதிரி, ஒரு செம்மறியாடு.

தொட்டுத் தொட்டுப் பூசினாள். அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் தூக்கமாகியது.

இறங்கியதும் முதல் போன் மாமியாருக்குத்தான்.

“அத்தை… அந்தத் திருநீறு…”

“ஆமா, திருநீறுதான். எவ கேட்டாலும் திருநீறுதான்.”

“நம்மூட்டுலயாங்க காச்சினீங்க?”

“சீ, புரட்டாசிலயா! இசபெல்லா ஊட்டு அடுப்புல நின்னு காச்சினேன். நம்ம அடுப்பு சுத்தமாத்தான் இருக்குது.”

“உங்களைப் போயி நானு, கறி தின்னீங்கன்னு…”

“ஊரே அதத்தான் பேசுது. பேசட்டும் உடு. கன்னம் எப்படி இருக்குது?”

“வழவழன்னு இருக்குதுங்கத்தை.”

“தீந்து போச்சுன்னா போன் போடு சாமி. நம்ம நாயிக்கு மறுக்கா பசியெடுக்கும்.”