கண்ணாடி இல்லாத படம்

“முகத்தைத் திருப்பாதடா!”

சார்ஜெண்ட் ராஸ்க், யோன்ஸின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நிமிர்த்தினார். லாயத்து உடுப்பும் சாணி நாற்றமும் அவரை ஏமாற்றிவிடுமா என்ன?

அவருடைய இன்னொரு கையில், கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிய படம். நீலச் சட்டை, மஞ்சள் காலர், வெள்ளைப் பொடி பூசிய தலைமுடியோடு கேப்டன் மால்தே அதில் மிடுக்காக இருந்தார். பின்லாந்துப் போர்முனையிலிருந்து ஓடிவந்த அதே மால்தே. பிடித்த இடத்திலேயே சுட்டுவிடும்படி ஸ்டாக்ஹோமில் தீர்ப்பாகியிருந்தது. ஆனால் பிடிக்க வந்தவர்களில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

“பார்த்துங்க, படத்துமேல விரல் படாம!” என்றாள் மால்தேயின் தாய் ஹெட்விக் சீமாட்டி. “கண்ணாடி உடைஞ்சுபோச்சு. வெறும் வண்ணச் சுண்ணக்கட்டி, தொட்டா கையோட வந்துரும்.”

“யாரு வரைஞ்சது?”

“நான்தான்.”

“பெத்தவ கையாச்சே! இடது கண்ணுக்குக் கீழ இருக்கிற மச்சத்தைக்கூட விடலையே.” ராஸ்க் யோன்ஸின் கன்னத்தில் விரலை வைத்தார். அங்கேயும் மச்சம். கண்ணும் அதே பழுப்பு.

யோன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயா, நான் குதிரைக்காரன்! என் பேரைக்கூட எழுதத் தெரியாது. எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்காங்க, வந்ததும் கேளுங்க. குதிரை குட்டி போடப்போகுதுன்னு எசமானிதான் என்னை மட்டும் இருக்கச் சொன்னாங்க!”

“ஆகா, வீட்டுல இவரும் அம்மாவும் மட்டும்தான். நாங்க நம்பிட்டோம்!” சிப்பாய்கள் சிரித்தார்கள்.

“எசமானி! சொல்லுங்க எசமானி!”

சீமாட்டி ஓடிவந்து சார்ஜெண்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் என் மகன் இல்லைய்யா! கடவுள்மேல சத்தியமா இல்லை. வேலைக்காரன், விட்டுருங்க!”

அவள் பிடித்த இடத்தில் அவர் சட்டைக் கையில் பழுப்புத் தூள் ஒட்டியது. ராஸ்க் அதைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவரும் பிள்ளை பெற்றவர்தான், குரல் கொஞ்சம் இறங்கியது.

“எந்தத் தாய்தாம்மா ஆமான்னு சொல்லுவா? நீங்க உள்ள போங்க. இதையெல்லாம் பார்க்க வேண்டாம்.”

லாயத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். “நான் யோன்ஸு! நான் யோன்ஸு!” என்ற கூச்சல் கடைசிவரை கேட்டது. பாவி, வேறென்ன சொல்வான்? பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. நிறைசூல் குதிரை மிரண்டு கதவை உதைத்தது.

போரிலிருந்து ஓடியவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அங்கேயே குழி வெட்டி மூடினார்கள். ராஸ்க் தொப்பியைக் கழற்றி, படத்தைச் சீமாட்டியின் மடியில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் குதிரை ஏறினார்.

அவள் அழுதாள். பொய் அழுகை இல்லை, நெஞ்சு வெடித்துத்தான் அழுதாள். குளம்புச் சத்தம் ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பரணுக்குப் போகும் ஏணியைத் தட்டினாள்.

“இறங்கி வா, மால்தே. படத்துல மச்சத்தை அழிச்சுட்டு, உன் கண்ணுக்குப் பழையபடி நீலம் தீட்டணும்.”