சக்கரத்துக் குடம்

"நீங்கதான் இந்தப் பாதைக்கே ‘ஹப்’பாம். அவங்க சொல்றாங்க."

ஆட்டோ ஓட்டும் ஷோயப் சிரித்தான். பக்கத்தில் வெள்ளைக்காரம்மா ஹெலன் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஆராயியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா?"

"வண்டிச் சக்கரத்துக்கு நடுவுல குடம் இருக்குமே, ஆரக்கால் எல்லாம் சொருகியிருக்குமே, அது. அவங்க பாஷையில எடத்தை மட்டுமில்ல, ஆளையும் அப்படிச் சொல்லுவாங்களாம். ‘சென்டர்’னும் சொன்னாங்க."

"நல்லாச் சொன்னாங்க போ. அது வண்டி மை அப்பிக்கிட்டு இல்ல கெடக்கும்!"

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு புளியமரத்தடியில் இருந்தது ஆராயியின் டீக்கடை. பௌர்ணமிக்கு நடக்க வருகிறவர்கள் புறப்படும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்கள்: "கூட்டத்துல கை விட்டுப்போனா ஆராயி கடையில வந்து நில்லு."

நேற்று ஹெலனின் கணவரும் அங்கேதான் கிடைத்தார். ஞாபகமறதி உள்ளவர். யாரோ கொண்டுவந்து விட்டார்கள். ஹெலன் வந்து சேரும்வரை ஆராயி அவர் கையை விடவே இல்லை.

ஹெலன் மெல்ல ஏதோ சொன்னாள். ஷோயப் அதைத் தமிழில் சொன்னான்.

"ஆசிரமம் பக்கத்துல அவங்க இருக்கற வீட்டு முன்ரூமைக் கடைக்கு எடுத்துக்கச் சொல்றாங்க. வாடகை வேணாமாம். அங்க வியாபாரமும் ஜாஸ்திம்மா."

ஆராயி ஹெலனைப் பார்த்துக் கும்பிட்டாள். "பெரிய மனசு. ஆனா வரலைன்னு சொல்லு."

"என்னம்மா நீங்க! போன மழைக்கே கொட்டாய் பாதி சரிஞ்சுடுச்சு. உங்க புள்ள மெட்ராஸுக்குக் கூப்பிட்டான், அங்கயும் போகல. ஒழுகற கொட்டாய்ல அப்படி என்னதான் இருக்கு?"

பால் பொங்கி வந்தது. ஆராயி அடுப்பைத் தணித்தாள். வெகுநேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. அன்னிக்கு இந்தப் புளியமரத்தடியில அழுதுக்கிட்டு நின்ன புள்ளைக்கு இந்த ஊருதான் சோறு போட்டுச்சு, வளத்துச்சு, கல்யாணமும் பண்ணி வெச்சுது. அதை மறக்க முடியுமா?"

"எந்தப் புள்ளைக்கு?"

"எனக்குத்தான். ஆறு வயசு. கார்த்திகை தீபக் கூட்டம். ‘அசையாம இங்கியே நில்லு, இதோ வந்துடறேன்’னு சொல்லிட்டுப் போச்சு எங்கம்மா."